ஒரு சக்கை, மூன்று கூடை: வளரும் பிள்ளைகளுக்குச் சரி தவறு சொல்லிக்கொடுப்பது பற்றி

தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு சிறிய சபையில் பதினொரு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வகுப்பு எடுத்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள். பத்துக் கட்டளைகளை வரிசை தப்பாமல் ஒப்பிப்பார்கள். சங்கீதம் கேட்டால் சங்கீதம், பொன் வசனம் கேட்டால் பொன் வசனம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிளஸ் ஒன் பையன் எழுந்து நின்று கேட்டான்: "சார், அது உங்களுக்குச் சரி. எனக்கு அது சரியில்ல. இதுல யாரு என்னத்தப் பறைய முடியும்?"

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒருவர் மொபைலைக் குறை சொன்னார், இன்னொருவர் சினிமாவை. ஒரு பெரியவர், "இதுக்குப் பேருதான் சார்புவாதம், கடைசிக் காலத்துக்க அடையாளம்" என்று முடித்துவிட்டார். சார்புவாதம் என்ற சொல் இப்போது பிரசங்கங்களில் அடிக்கடி வருகிறது. அது என்ன, எங்கே தவறுகிறது என்று பிள்ளைக்குப் புரிகிற மாதிரி விளக்குவோர் குறைவு. ஒழுக்க உண்மை என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அதனால் இந்த இரண்டையும் அடியிலிருந்து விளக்கிப் பார்க்கிறேன். வாசிக்கிறவருக்கு வேதசாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் உண்மையை மறுக்கவில்லை. பெரியவர்கள் எங்கள் பழக்கங்களையும் கடவுளின் சத்தியத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவன் தலையில் ஏற்றியிருந்தோம். மூட்டையில் பாதி பதர் என்று கண்டவன் முழு மூட்டையையும் இறக்கி வைக்கப் பார்த்தான்.

சக்கையிலிருந்து தொடங்குவோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு பெரிய சக்கையைத் தூக்கிக்கொண்டு போனேன். பலாப்பழத்துக்கு எங்கள் ஊரில் சக்கை என்று பேர். மேசையில் வைத்ததும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. நான்கு கேள்வி கேட்டேன்.

முதல் கேள்வி: வருக்கை நல்லதா, கூழஞ்சக்கை நல்லதா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கடித்தால் கறுக்கென்று இருக்கவேண்டும் என்று ஒரு பக்கம், தேன் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும் என்று இன்னொரு பக்கம். இதில் யாரும் யாரையும் திருத்த முடியாது. அவரவர் நாக்கு, அவரவர் ருசி.

இரண்டாவது: மரத்தில் முதலில் பழுக்கிற சக்கையை என்ன செய்வீர்கள்? அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலில் படைப்போம், அங்கே ஏலம் போகும் என்றார்கள். பக்கத்துச் சபையில் அப்படி இல்லை, பணமாகக் கொடுத்துவிடுவார்கள் என்றாள் ஒருத்தி. இது வழக்கம். சேர்ந்து வாழ்கிறவர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட முறை. நல்ல முறைதான், மதிக்க வேண்டியதுதான். ஆனால் ஊருக்கு ஊர் மாறும், மாறினால் குற்றமில்லை.

மூன்றாவது: இது எத்தனை கிலோ? பன்னிரண்டு என்றான் ஒருவன், பதினெட்டு என்றான் ஒருவன். ஆளுக்கொரு எண் வந்தது. "நாலு பேரு நாலு எடை சொன்னதால, சக்கைக்கு எடையே இல்லன்னு சொல்லலாமா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். தராசில் வைத்தோம், பதினான்கு கிலோ சொச்சம். யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும் எடை அங்கேயே இருந்தது, எங்களுக்காகக் காத்திராமல்.

நான்காவது கேள்விக்கு வகுப்பு கொஞ்சம் அமைதியானது. இந்த மரம் பக்கத்து வீட்டு விதவைப் பாட்டியுடையது, கிளை நம் மதில் மேல் சாய்ந்திருக்கிறது, அவர் கண்ணும் சரியாகத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். வெட்டி எடுத்துக்கொள்ளலாமா? இது முதல் கேள்வி மாதிரியா, இரண்டாவது மாதிரியா, மூன்றாவது மாதிரியா?

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "எடை மாதிரி, சார். பாட்டிக்குத் தெரியல்லன்னாலும் தப்பு தப்புதான்."

ஒழுக்க உண்மை என்பது இதுதான். நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஊர் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், ஒரு செயல் சரியா தவறா என்பதில் மாறாமல் நிற்கிற உண்மை. சார்புவாதம் இதற்கு நேர் எதிர். சரி தவறு எல்லாமே ருசியைப் போல ஆளுக்கு ஆள், அல்லது வழக்கத்தைப் போல ஊருக்கு ஊர் மாறுகிறவை, எல்லோருக்கும் பொதுவான ஒன்று கிடையாது என்கிற கருத்து.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நாம் "சரி" என்று சொல்கிறவை மூன்று கூடைகளில் விழுகின்றன. ருசி, வழக்கம், அறம். மூன்றாவது கூடையில் இருப்பது எடையைப் போன்றது. நம் கணிப்பு தப்பலாம், எடை இல்லாமல் போகாது.

எல்லையைத் தாண்டினால் மாறுவது எது?

எங்கள் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் வரும். களியக்காவிளையிலிருந்து நடந்தே கேரளத்துக்குள் போய்விடலாம். அந்தப் பக்கம் கடை வாசலில் லாட்டரிச் சீட்டு கிளிப் போட்டுத் தொங்கும், அரசாங்கமே அச்சடித்து விற்கிறது. இந்தப் பக்கம் அதே சீட்டை விற்றால் போலீஸ் பிடிக்கும். கேரளம் 1967-இல் லாட்டரிக்கென்றே ஒரு துறை தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அண்ணா முதல்வராக இருந்த காலத்தில் அரசு பரிசுச்சீட்டு வந்தது. 2003-இல் லாட்டரியை முழுவதுமாகத் தடை செய்தார்கள்.

"அப்போ எல்லைக்கு அங்க சரி, இங்க தப்பா, சார்? அங்க இருக்கியவனுக்கு ஒரு கடவுள், இங்க இருக்கியவனுக்கு வேற கடவுளா?"

மிகச் சரியான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. சட்டம் என்பது ஒரு அரசு தன் எல்லைக்குள் போட்டுக்கொள்ளும் விதி. அதைப் போட முடியும், எடுக்க முடியும். சட்டம் ஒன்றைத் தடை செய்யும்போது பல நேரம் அடியில் ஒரு அறக் காரணம் இருக்கும். கூலி வேலை செய்கிறவன் அன்றைய சம்பளத்தைச் சீட்டில் போட்டுவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறானே என்பது தடைக்குக் காரணம். ஆனால் சட்டமும் அறமும் ஒன்றே அல்ல. சட்டம் விட்டுவைத்த தவறுகள் உண்டு. வீட்டில் அம்மாவை மதிக்காமல் பேசினால் எந்தக் காவல் நிலையமும் வழக்குப் போடாது.

எல்லையைத் தாண்டியும் மாறாதவற்றை எழுதச் சொன்னேன். விதவையின் சங்கிலியைப் பறிப்பது. வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் இழுத்தடிப்பது. நம்பி அனுப்பிய படத்தை மற்றவர்களுக்குக் காட்டுவது. பட்டியல் சரசரவென்று நீண்டது. அந்தப் பக்கம் பாறசாலையிலும் தவறு, இந்தப் பக்கம் படந்தாலுமூட்டிலும் தவறு. பிள்ளைகளே கண்டுகொண்டார்கள்.

ஊரே சொன்னால் சரியாகிவிடுமா?

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேசவேண்டும். சார்புவாதத்தின் உண்மையான பலவீனம் புத்தகத்தில் படிப்பதைவிட எங்கள் மண்ணில் தெளிவாகத் தெரியும்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை எங்கள் ஊர்கள் திருவிதாங்கூரோடு இருந்தவை. அந்த ராஜ்யத்தில் ஒரு காலத்தில், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன்னால் மார்பை மூடி நிற்கக்கூடாது என்பது வழக்கம். சுவிசேஷம் ஏற்ற பெண்கள் குப்பாயம் என்கிற மேற்சட்டை போட ஆரம்பித்தார்கள். மேல்சாதியார் சந்தையிலும் வழியிலும் அந்தப் பெண்களின் உடுப்பைக் கிழித்தார்கள், வீடுகளையும் ஆலயங்களையும் எரித்தார்கள். 1820-களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை விட்டு விட்டு நடந்தது. சென்னை ஆளுநர் டிரெவெலியனிடமிருந்து நெருக்கடி வந்த பிறகு, 1859 ஜூலை 26-ஆம் தேதி மகாராஜா உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற பாணியில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்போது சார்புவாதத்தை இங்கே வைத்துப் பாருங்கள். சரி தவறை ஊர் வழக்கம்தான் தீர்மானிக்கிறது என்றால், 1830-இல் தெருவில் நின்ற அந்தப் பெண் தவறு செய்தவள், அவள் சேலையைக் கிழித்தவன் சரி செய்தவன். ஊர், சட்டம், அரசு மூன்றும் அவன் பக்கம் நின்றன. அவளுக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்று: ஊருக்கும் அரசனுக்கும் மேலே ஒரு நியாயம் இருக்கிறது, அதன் முன் நானும் தேவசாயலில் படைக்கப்பட்டவள் என்ற நம்பிக்கை. அந்த நியாயம் உண்மையில் இல்லை என்றால் அவளுடைய போராட்டம் வெறும் ருசி வேறுபாடு.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்தபோது எதிர்க் கேள்வி கேட்ட அந்தப் பையன் பேசவில்லை. அவனுடைய பூட்டிக்கும் பூட்டி காலத்துக் கதை அது. எல்லார் வீட்டிலும் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்கிற எங்கள் சபைக் குடும்பங்களிலேயே, கல்யாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வி "என்ன ஆளுவ?", அதாவது என்ன சாதி, என்பதுதான். பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். ஒழுக்க உண்மை மாறாதது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வழக்கத்துக்குக் குனிந்தால், எங்கள் வாயிலிருந்து வரும் வார்த்தையை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

சுருக்கமாக: சட்டமும் வழக்கமும் பல நேரம் அறத்தைத் தாங்கி நிற்கும், சில நேரம் அதை மிதிக்கும். வழக்கத்தைத் தவறு என்று நாம் சொல்ல முடிகிறது என்பதே, வழக்கத்துக்கு வெளியே ஒரு அளவு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

அந்த அளவு எங்கிருந்து வருகிறது?

சந்தையில் இப்போது எலக்ட்ரானிக் தராசுதான் அதிகம். ஆனாலும் வாழைக்குலை வியாபாரி ஒருவரிடம் பழைய இரும்பு நிறைகற்கள் இருந்தன. ஒன்றை வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன். கறுத்த அறுகோணக் கல், மேலே எடை பொறித்திருக்கும். பிள்ளைகள் மேல் பக்கத்தைப் பார்த்தார்கள், நான் திருப்பிக் காட்டினேன். அடியில் ஒரு சிறு குழி, அதில் ஈயம் ஊற்றி, ஈயத்தின் மேல் முத்திரை குத்தியிருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளரிடம் காட்டிச் சரிபார்த்து முத்திரை வாங்கவேண்டும். ஏமாற்ற நினைக்கிறவன் அந்த ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிடுவான். மேலிருந்து பார்த்தால் கல்லில் ஒரு மாற்றமும் தெரியாது. ஒவ்வொரு கிலோவிலும் வாங்குகிறவருக்குக் கொஞ்சம் குறையும்.

நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் முதல் வசனம் எல்லாருக்கும் தெரியும்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சுமுத்திரை என்ற சொல்லை இத்தனை நாள் பொருள் தெரியாமலே ஒப்பித்தோம் என்று ஒரு பெண் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

கடைக்காரருடைய கல்லை ஆய்வாளருடைய கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆய்வாளருடைய கல்லை எதோடு ஒப்பிடுவது? மேலே மேலே போனால் 1889 முதல் பாரிசுக்கு அருகே பாதுகாத்து வைத்திருந்த ஒரு உலோக உருளையில் போய் முடிந்தது. அதுதான் உலகத்துக்கே கிலோ. ஆனால் வருடங்கள் போகப்போக, அதற்கும் அதன் நகல்களுக்கும் நடுவே மிக நுண்ணிய வித்தியாசம் வந்துவிட்டது. கடைசியில் 2019 மே 20 முதல் உருளையைக் கைவிட்டு, இயற்கையிலேயே மாறாமல் இருக்கிற ஒரு மதிப்போடு கிலோவைக் கட்டிவிட்டார்கள். மனிதர் செய்து பெட்டியில் வைத்த எதுவும் கடைசி அளவாக நிற்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிறிஸ்தவ விசுவாசம் அறத்துக்கும் இப்படித்தான் சொல்கிறது. கடைசி அளவு ராஜாவோ, பெரும்பான்மையோ, போதகரோ, அப்பா அம்மாவோ அல்ல. கடவுளின் சுபாவம். அவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் அளவு.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உடனே மடக்கும்: கடவுள் சொன்னதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுள் சொல்கிறாரா? முதலாவது என்றால் அவர் நாளைக்கு மாற்றிச் சொல்லலாம். இரண்டாவது என்றால் அவருக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பழைய கேள்வி இது. கிறிஸ்தவ மரபின் பதில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அவர் தம் இஷ்டத்துக்குக் கட்டளை போடுவதில்லை, வெளியே இருக்கிற விதிப்புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதும் இல்லை. அவரே நல்லவர், அவருடைய கட்டளை அவரிலிருந்து வருகிறது. லேவியராகமம் 19-ஐ எடுத்துப் பாருங்கள். "நான் பரிசுத்தர்" என்று தொடங்குகிறது. உடனே அடுத்தடுத்து வருவது என்ன? அறுப்பில் ஏழைக்குக் கொஞ்சம் விட்டுவை, கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, செவிடனை நிந்திக்காதே, குருடன் முன் தடுக்கலை வைக்காதே, தராசில் அநியாயம் செய்யாதே. பரிசுத்தம் என்ற பெரிய சொல் சந்தைக்கும் வயலுக்கும் இறங்கி வந்து நிற்கிறது.

மனசாட்சி என்ற தராசு

கடவுளை அறியாதவர்களுக்குச் சரி தவறு தெரியாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், அவர்கள் பக்கத்து இருக்கை நண்பர்கள் இந்துக்களும் முஸ்லிம்களும். ரோமர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். நியாயப்பிரமாணம், அதாவது மோசே வழியாக வந்த கட்டளைகள், இல்லாதவர்களுடைய இருதயங்களிலும் அதன் கிரியை எழுதியிருக்கிறது, அவர்கள் மனசாட்சியும் சாட்சியிடுகிறது என்கிறார். மனசாட்சி என்பது செயலை எடைபோட்டுச் சொல்கிற, நமக்குள் இருக்கிற தராசு. எல்லா மனிதருக்கும் உண்டு. அதனால்தான் சபைக்கு வெளியே நம்மைவிட நேர்மையானவர்களை நாம் பார்க்கிறோம். ஒழுக்க உண்மை உண்டு என்று நம்புகிறவனுக்கு மற்ற மதத்தாரை இளப்பமாகப் பார்க்க உரிமை வருவதில்லை. அவர்கள் செய்கிற நன்மையும் அதே அளவில் நன்மைதான்.

ஆனால் தராசும் பழுதாகும். சூடுண்ட மனசாட்சி என்று வேதம் சொல்கிறது. முதல் முறை காப்பியடிக்கும்போது கை நடுங்கும், ஐந்தாவது முறை நடுங்காது. கை நடுங்கவில்லை என்பதால் அது சரியாகிவிடவில்லை, தராசில் துரு ஏறியிருக்கிறது. "மனசுக்குத் தப்பாத் தோணல்ல, சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது கவனிக்க வேண்டிய தகவல். தீர்ப்பு அல்ல.

மறுபக்கமும் உண்டு. வழக்கத்தை எல்லாம் பாவம் என்று சொல்லி வளர்த்த பிள்ளையின் தராசு, ஒன்றுமில்லாததற்கும் கீழே சாயும். பூ வைத்ததற்கும் சினிமா பார்த்ததற்கும் இரவெல்லாம் அழுத பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதுவும் பழுதுதான்.

மறுபடியும் ஒரு வரியில்: அளவு கடவுளின் சுபாவம், அதை உணரும் தராசு மனசாட்சி, தராசை அடிக்கடி அளவோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

நல்லவர்களே ஏன் ஒத்துப்போவதில்லை?

உண்மை ஒன்றுதான் என்றால் இரண்டு விசுவாசிகள் ஏன் சண்டை போடுகிறார்கள்? ஒரு தீர்ப்புக்குள் இரண்டு பாகம் இருப்பதுதான் காரணம். ஒன்று நெறி, "ஏழையை ஏமாற்றக்கூடாது" என்பது போல. மற்றொன்று நடப்பு, உண்மையில் என்ன நடக்கிறது என்பது. பெரும்பாலான சண்டை இரண்டாவதில்தான்.

இதை எனக்குத் தெளிவாக்கியது ஒரு மாணவியின் தாத்தா. தினமும் அந்தப் பக்கம் போய் ஒரு சீட்டு வாங்கிவருகிறவர். பேத்தி வகுப்பில் கேட்டதை வீட்டில் சொல்ல, அடுத்த ஞாயிறு அவரே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் சீட்டு இருந்தது. "கேரளத்துல காருண்யா சீட்டு வித்த பணத்துல ஏழைகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு குடுக்கியானுவ. ஒரு பிள்ளைக்கு ஆப்பரேஷன் நடக்குன்னா அது எப்படி சூது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த உதவித் திட்டம் உண்மை. ஏழைக்கு உதவுவது நல்லது என்பதில் அவருக்கும் எனக்கும் சண்டை இல்லை. வாங்குகிறவர்களில் பலர் யார், அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்ற நடப்பில்தான் நாங்கள் பிரிகிறோம். இதைப் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் பேத்தி திரும்பி, "தாத்தா, நீங்க ஆப்பரேஷனுக்குன்னா வாங்குதிய, ஒண்ணாம் பரிசுக்குன்னா வாங்குதிய?" என்றாள். நான் எழுத மறந்த மூன்றாவது பாகம் அது: நோக்கம். தாத்தா பதில் சொல்லவில்லை, அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடினமான இடங்கள்

பொய் சொல்லக்கூடாது என்றால் எப்போதும் கூடாதா? பள்ளிக்கூடத்தில் குறள் படித்த பிள்ளைகள் கேட்பார்கள்: "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." வேதத்திலும் யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் இருக்கிறார்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து ராஜா பார்வோனுக்குக் கீழ்ப்படியாமல் குழந்தைகளை உயிரோடு விட்டுவிட்டு, நாங்கள் போகுமுன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று அவர்கள் சொன்ன பதிலை வாசித்தால் நேர்மையான அறிக்கை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று எழுதியிருக்கிறது.

இதில் அறிஞர்களிடையே பல கருத்து உண்டு, அதற்குள் போகவில்லை. பிள்ளைக்கு நான் சொல்வது இதைத்தான்: இரண்டு மெய்யான கடமைகள் மோதுகிற நேரம் வரும். உயிரைக் காப்பதும் உண்மை பேசுவதும் மோதும். மோதல் வருவதால் கடமைகள் பொய்யாகிவிடாது, இரண்டும் மெய்யாக இருப்பதால்தான் மோதுகின்றன. குறளிலும் "புரைதீர்ந்த" என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்கக்கூடாது. எந்தக் குறையும் இல்லாத நன்மை. டியூஷனுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டு மார்த்தாண்டத்தில் படம் பார்த்தால் அதில் அப்படி ஒரு நன்மை யாருக்கும் இல்லை. மருத்துவச்சிகள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து மற்றவரைக் காத்தார்கள். நாம் சொல்கிற பொய் பெரும்பாலும் நம் தோலைக் காப்பதற்கு.

சொல்லிக்கொடுக்கும் விதம்

உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் ஒரு மகன் வருகிறான். இந்தக் கட்டளைகள் எல்லாம் என்ன, எதற்கு என்று தகப்பனிடம் கேட்கிறான். "கேள்வி கேக்காத, சொன்னதச் செய்" என்று அங்கே எழுதியிருக்கவில்லை. நாங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தோம், கர்த்தர் எங்களைப் புறப்படப் பண்ணினார் என்று கதையிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறது. விடுதலை முதலில், கட்டளை அதற்குப் பிறகு. கேள்வி கேட்கிற பிள்ளையை வாயாடி என்று உட்கார வைக்கிற ஆசிரியர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை உரக்க வாசிக்கவேண்டும்.

இன்னொருவனின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போன விதமும் அப்படித்தான். ராஜாவின் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டவில்லை. ஒரே ஒரு ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையின் கதையைச் சொன்னார். தாவீது கொதித்து எழுந்து தீர்ப்பு சொன்ன பிறகுதான், "நீயே அந்த மனுஷன்" என்றார். முதலில் அவனுடைய மனசாட்சியை வேலை செய்ய விட்டார். நான் இதைப் பரீட்சைக் காப்பி விஷயத்தில் செய்து பார்த்தேன். காப்பியடிப்பது பாவம் என்று சொல்வதற்குப் பதிலாக, நர்சிங் படிப்பில் காப்பியடித்துப் பாஸான ஒருவர் உங்கள் அம்மாவுக்கு ஊசி போட வருகிறார், உள்ளே விடுவீர்களா என்று கேட்டேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு. வகுப்பு கொந்தளித்தது. அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. உண்மை கடுமையாக இருக்கிற வீட்டில் பிள்ளை நல்லவனாகாமல், மறைக்கக் கற்றுக்கொள்கிறான். மொபைலில் மெசேஜை அழிக்கிறான், இரண்டாவது கணக்குத் தொடங்குகிறான். இயேசுவைப் பற்றி யோவான் எழுதும்போது "கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய்" என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார். தவறு தவறுதான், ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு வந்தால் வீட்டில் இடம் உண்டு என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். அது தெரிந்த பிள்ளைதான் உண்மையைப் பார்த்து ஓடாமல் நிற்பான்.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு மாலை நேரம் போதும். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு ருசி, வழக்கம், அறம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிற விதிகளைப் பிள்ளையே எழுதட்டும், எது எந்தக் கட்டத்தில் என்று பிள்ளையே போடட்டும். நடுவில் குறுக்கிடாதீர்கள். முடி வெட்டுகிற பாணி, கோயிலுக்கு முக்காடு, எட்டு மணிக்குள் வீடு வருவது, வேலைக்காரம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் எங்கே விழுகிறது என்று பார்த்தால் பெற்றோருக்குத்தான் அதிகம் தெரியவரும். வழக்கத்தில் போட்டதை எல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. "இது நம்ம வீட்டு முறை, இதுக்குக் காரணம் இது" என்று அதன் பேரைச் சொல்லியே கேட்கலாம். அப்படிக் கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் இசைந்துவிடுகிறார்கள்.

போன மாதம் என் மகளும் இதைச் செய்தாள். பத்தாம் வகுப்பு. பதினாறு விதி எழுதி, பதினைந்தைக் கட்டங்களில் போட்டிருந்தாள். ஒன்று மட்டும் தாளின் ஓரத்தில் தனியாக நின்றது: "புதுசா யாரையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா, அவிய எந்த ஆளுவன்னு ஆச்சி கேப்பாங்க."

"இத எதுல போடணும்பா? வழக்கம்னு போடவும் மனசில்ல."

"மூணுலயும் போகாது மக்ளே. அது தப்பு," என்றேன். "ஆச்சி மட்டும் இல்ல, நானும் கேட்டிருக்கேன்."

அவள் ஒன்றும் சொல்லாமல் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். நான் எழுந்து உள்ளே அம்மாவின் அறைக்குப் போனேன்.